ஏசி நின்றால் எத்தனை நிமிடம்? சர்வர் ரூமைக் கண்காணிக்கத் தொடங்குபவர்களுக்கு

கல்லூரி, மருத்துவமனை, நடுத்தர கம்பெனி என்று எங்கே போனாலும் சின்ன சர்வர் ரூமின் அமைப்பு ஏறக்குறைய ஒன்றுதான். பத்துக்குப் பத்து அறை, ஒன்றிரண்டு ரேக் (சர்வர்களை அடுக்கும் அலமாரி), சுவரில் இரண்டு ஸ்பிளிட் ஏசி, மூலையில் யூபிஎஸ். கரண்ட் போனால் சர்வர்கள் யூபிஎஸ்ஸில் ஓடும், ஏசி ஓடாது. ஜெனரேட்டர் லோடு எடுத்து ஏசி மறுபடி கிளம்பும் வரை அந்த அறைக்குள் வெப்பம் சேர்ந்துகொண்டே போகும். அப்படி ஒரு அறையின் சாவியைக் கையில் கொடுத்து "இனிமேல் நீங்கதான் பார்த்துக்கணும்" என்று சொல்லப்பட்டவருக்காக இதை எழுதுகிறேன்.

சாமான் வாங்கும் முன் ஒரு சின்னக் கணக்கு போட்டுவிடுங்கள். சர்வர் இழுக்கும் மின்சாரம் கிட்டத்தட்ட முழுவதும் வெப்பமாகத்தான் வெளியே வருகிறது. யூபிஎஸ் திரையில் லோடு 5 கிலோவாட் என்று காட்டினால், அறைக்குள் 5 கிலோவாட் ஹீட்டர் ஓடுவதாகவே கொள்ளலாம். மூன்று மீட்டர் நீள, அகல, உயரமுள்ள அறையில் இருக்கும் காற்றின் எடை சுமார் 32 கிலோ. அந்தக் காற்று மட்டுமே சூடாவதாக வைத்துக்கொண்டால், 5 கிலோவாட் வெப்பம் நிமிடத்துக்கு 9 டிகிரி ஏற்றும். சுவரும் ரேக்கும் சர்வர்களின் இரும்பும் ஒரு பங்கை உறிஞ்சிக்கொள்வதால் நிஜத்தில் அவ்வளவு வேகமாக ஏறாது. ஆனாலும் உங்களுக்குக் கிடைப்பது நிமிடங்கள்தான். "யூபிஎஸ் ரெண்டு மணி நேரம் தாங்கும்" என்று ஆபீசில் யாராவது தைரியம் சொன்னால், பேட்டரி தீர்வதற்கு முன்பே அறை காய்ந்துவிடும் என்று அவர்களுக்குச் சொல்லிவையுங்கள். இந்தக் கட்டுரையில் வரும் எல்லா வேலையும் அந்தச் சில நிமிடங்களை வீணாக்காமல் இருப்பதற்காகத்தான்.

பெரிய இடங்களுக்கும் இதில் விதிவிலக்கு இல்லை. 2023 அக்டோபர் 14 அன்று சிங்கப்பூரில் ஈக்வினிக்ஸ் டேட்டா சென்டரில் குளிரூட்டும் அமைப்பை மேம்படுத்தும் வேலை நடந்தபோது, குளிர்நீர்த் தொட்டிகளின் வால்வுகள் தவறுதலாக மூடப்பட்டன. அறைகள் சூடாகி, டிபிஎஸ், சிட்டிபேங்க் என்ற இரண்டு வங்கிகளின் சேவைகளும் படுத்தன. சுமார் 25 லட்சம் பணப் பரிமாற்றங்களும் ஏடிஎம் பரிவர்த்தனைகளும் நிறைவேறாமல் போனதாக அந்நாட்டு நாடாளுமன்றத்தில் சொல்லப்பட்டது.

1. சென்சாரை எங்கே வைப்பது

சுவரில் ஒரு தெர்மாமீட்டரை மாட்டிவிட்டு, அது 23 காட்டுகிறது என்று நிம்மதியாக இருப்பதுதான் புதியவர்கள் வழக்கமாகச் செய்வது. சுவரின் வெப்பநிலை சர்வருக்குத் தேவையில்லை. ரேக்கின் முன்பக்கம் சர்வர் உறிஞ்சும் காற்று எவ்வளவு சூடு என்பதே கணக்கு. ஆஷ்ரே என்ற அமெரிக்கப் பொறியாளர் சங்கம் 2008 முதல் பரிந்துரைக்கும் 18 முதல் 27 டிகிரி வரம்பும் இந்த உள்ளிழுக்கும் காற்றுக்குத்தான். 2004இல் அவர்கள் சொன்னது 20 முதல் 25 வரை. அனுபவத்தில் பிறகு தளர்த்தினார்கள். ஆகவே ரிமோட்டில் 16 வைத்து அறையை உறைய வைக்க வேண்டியதில்லை. 22 அல்லது 23 போதும். எப்போதும் 16இல் ஓடும் ஏசியில் காயில் ஐஸ் கட்டி, பிறகு அது உருகி ரேக் பக்கம் சொட்டுவது இன்னொரு தலைவலி.

ஒரு ரேக்குக்குக் குறைந்தது இரண்டு சென்சார் வேண்டும். முன்பக்கம் மேலே ஒன்று, நடுவில் ஒன்று. ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் மேலே வையுங்கள். பின்னால் வெளியேறும் சூடான காற்று மேலெழும்பி, ரேக்கின் தலைக்கு மேலாகத் திரும்பி வந்து முன்பக்கமே நுழையும். அதை முதலில் வாங்குவது மேலே இருக்கும் சர்வர்தான். மேலே 29, நடுவில் 23 என்று காட்டினால் ஏசியைக் குறை சொல்ல வேண்டாம். ரேக்கில் காலியாக இருக்கும் இடங்களைப் பிளாங்கிங் பேனல் போட்டு அடையுங்கள். பேனல் வரும் வரை கெட்டியான அட்டைகூடப் போதும்.

இன்னொரு இடம் உண்டு. பலரும் நினைத்துப் பார்க்காத இடம், என் கணக்கில் முதல் செலவே அங்கேதான் போக வேண்டும்: ஒவ்வொரு ஏசியின் குளிர்காற்று வரும் வாயிலும் ஒரு சென்சார். ஏசி "ஆன்" என்பதற்கும் ஏசி குளிர்விக்கிறது என்பதற்கும் நிறைய தூரம். உள் யூனிட்டில் லைட் எரியும், ஃபேன் சுற்றும், காற்றும் வரும். வெளியே கம்ப்ரஸர் ஓடாமல் நிற்கும். அறைக்குள் எட்டிப் பார்க்கிறவருக்கு எல்லாம் சரியாகவே தெரியும். நல்ல நிலையில் உள்ள ஸ்பிளிட் ஏசியில் உள்ளே போகும் காற்றுக்கும் வெளியே வரும் காற்றுக்கும் சுமார் 8 முதல் 12 டிகிரி வரை வித்தியாசம் இருக்கும். சில வாரங்களில் அது மெல்ல மெல்ல 5க்கு, 4க்கு இறங்கினால் ஃபில்டரில் தூசி, அல்லது காஸ் கசிகிறது. அந்தக் கோடு இறங்குவதைப் பார்த்து மெக்கானிக்கைக் கூப்பிட்டால் பகல் நேரத்தில், உங்களுக்கு வசதியான நாளில் வேலை முடியும். இல்லாவிட்டால் ஏசி தனக்கு வசதியான நேரத்தில் நிற்கும். அது பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை.

வெளி யூனிட்டையும் ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். ஏசியின் டன் கணக்கு வெளியே 35 டிகிரி இருக்கும்போது அளந்தது. 1.5 டன் என்றால் சுமார் 5.2 கிலோவாட் வெப்பத்தை வெளியேற்றும். மொட்டை மாடியில் மே மாத வெயிலில், அல்லது நாலு பக்கமும் சுவர் அடைத்த டக்ட்டுக்குள் ஒன்றன் சூட்டை இன்னொன்று இழுக்கும்படி மாட்டிய யூனிட்டிடம் அந்தக் கணக்கை எதிர்பார்க்க முடியாது.

2. என்ன சென்சார் வாங்குவது

பணம் இருந்தால் நெட்வொர்க் கேபிள் செருகி எஸ்என்எம்பி (நெட்வொர்க் சாதனங்களின் நிலையைக் கேட்டறியும் பொது மொழி) வழியாகப் படிக்கக்கூடிய ரேக் சென்சார் யூனிட் வாங்கிவிடலாம். யூபிஎஸ்ஸில் நெட்வொர்க் கார்டு இருந்தால், அதில் செருகுகிற சென்சாரை அதே கம்பெனி விற்கும். பட்ஜெட் இல்லாத இடத்தில் ராஸ்பெரி பை என்ற குட்டிக் கம்ப்யூட்டர் ஒன்றும், டிஎஸ்18பி20 என்ற வெப்பநிலை சென்சார் நாலைந்தும் போதும். ஸ்டீல் முனையோடு, நீளமான ஒயரோடு கிடைப்பதை வாங்குங்கள். மைனஸ் 10 முதல் 85 டிகிரி வரை அதன் பிழை அரை டிகிரிக்குள். எல்லா சென்சாரும் ஒரே டேட்டா ஒயரைப் பகிர்ந்துகொள்ளும்; 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று சேர்க்க வேண்டும். ஒவ்வொரு சென்சாருக்கும் 28 என்று தொடங்கும் தனி அடையாள எண் உண்டு. மாட்டும்போதே எந்த எண் எந்த இடம் என்று ஒயரில் லேபிள் ஒட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் பிறகு கண்டுபிடிக்க ஒவ்வொன்றாகக் கையில் பிடித்துச் சூடாக்கிப் பார்க்க வேண்டியிருக்கும்.

மார்க்கெட்டில் போலி டிஎஸ்18பி20 நிறைய. ஐஸை நன்றாக உடைத்து, கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கலக்கி, எல்லா முனைகளையும் அதில் ஐந்து நிமிடம் அமிழ்த்துங்கள். பூஜ்யத்துக்கு அரை டிகிரி முன்பின் காட்டாததை ஒதுக்கிவிடலாம்.

இந்த சென்சாரிடம் ஒரு குணம் இருக்கிறது. மின்சாரம் வந்தவுடன், முதல் அளவீடு முடிவதற்குள் நீங்கள் படித்தால் சரியாக 85.0 என்று சொல்லும். ஒயர் லூஸாக இருந்தாலும் நடுநடுவே இந்த 85 எட்டிப் பார்க்கும். சென்சாரைப் படிக்கும் ஸ்கிரிப்டில் அதைத் தள்ளிவிடாவிட்டால் நடுராத்திரி 23, 23, 85, 23 என்று வரைபடம் குதிக்கும், உங்கள் போனும் குதிக்கும். கீழே சொல்லப்போகும் தானியங்கி ஷட்டவுனையும் வைத்திருந்தால் ஆபீஸே நின்றுவிடும். 85ஐக் குப்பையில் போடுங்கள். அதோடு, இரண்டு சென்சார்கள் ஒத்துச் சொன்னால் ஒழிய எதையும் அணைப்பதில்லை என்று விதி வையுங்கள்.

ஈரப்பதத்துக்கு டிஹெச்டி22 போன்றது ஒன்று போதும். அதை ராஸ்பெரி பை போர்டின் மேலேயே ஒட்டாதீர்கள். போர்டின் சூட்டையும் சேர்த்துச் சொல்லும். 70 சதவீதத்தைத் தொட்டால் பார்க்க வேண்டிய விஷயம். கடலோர ஊர்களில் கதவு சரியாக மூடாத அறை இதை வாரம் ஒருமுறை காட்டிக்கொடுக்கும். உள் யூனிட்டுக்குக் கீழே தரையில் ஒரு தண்ணீர் சென்சாரும் போடுங்கள். டிரெய்ன் பைப் அடைத்துக்கொள்வது எப்போதாவது நடக்கிற காரியம் இல்லை. யூனிட் நேராக ரேக்கின் தலைக்கு மேல் இருந்தால், சென்சார் வாங்கும் முன் யூனிட்டை இடம் மாற்றச் சொல்லுங்கள்.

3. சர்வர் ஏற்கெனவே சொல்லிக்கொண்டிருப்பதைக் கேட்பது

ஓரளவு நல்ல சர்வர் எதிலும் மதர்போர்டில் பிஎம்சி என்ற தனிக் குட்டிக் கம்ப்யூட்டர் இருக்கிறது. டெல்லில் ஐடிராக், ஹெச்பியில் ஐலோ என்பது அதன் கடைப்பெயர். சர்வர் அணைந்திருந்தாலும், கரண்ட் செருகியிருக்கும் வரை இது விழித்திருக்கும். உள்ளே வரும் காற்றின் வெப்பநிலை, சிபியு சூடு, ஒவ்வொரு ஃபேனின் வேகம், பவர் சப்ளை நிலை எல்லாம் இதனிடம் உண்டு. இதனோடு பேசும் பழைய மொழி ஐபிஎம்ஐ, 1998இல் இன்டெல், டெல், ஹெச்பி, என்இசி நான்கும் சேர்ந்து கொண்டுவந்தது. புதியது ரெட்ஃபிஷ், 2015இல் வந்தது. வெப் ஏபிஐ போலப் பேசும். இரண்டும் இருந்தால் ரெட்ஃபிஷையே எடுத்துக்கொள்ளுங்கள்.

லினக்ஸில் ஐபிஎம்ஐடூல் நிறுவி 'எஸ்டிஆர்' கட்டளை கொடுத்தால் மூன்று பத்திகளில் பட்டியல் வரும்: சென்சார் பெயர், அளவு, நிலை. நிலையில் 'ஓகே' என்றால் சரி. 'என்சி' என்றால் எல்லை தாண்டியது, இன்னும் ஆபத்தில்லை. 'சிஆர்' என்றால் எழுந்து ஓடுங்கள். 'என்எஸ்' என்று சில வரிகள் இருக்கும்; அந்த இடத்தில் அளவீடு இல்லை, ஃபேனோ சிபியுவோ பொருத்தப்படாத இடமாக இருக்கலாம். நேற்றுவரை அளவு காட்டிய வரி இன்று 'என்எஸ்' ஆனால் மட்டும் கவலைப்படுங்கள். அடுத்து 'எஸ்இஎல்' கட்டளை. இது நிகழ்வுப் பதிவு. பொறுப்பேற்ற முதல் நாளே எல்லா சர்வர்களிலும் இதை எடுத்துப் படித்தால், உங்களுக்கு முன்னால் இருந்தவர் கவனிக்காமல் விட்ட பாதி விஷயம் தெரிந்துவிடும். 'ஃபேன் 3, லோயர் கிரிட்டிக்கல்' என்ற வரி ஆறு மாதமாக அங்கே உட்கார்ந்திருக்கலாம். பதிவுக்கு இடம் குறைவு என்பதால் படித்துச் சேமித்துவிட்டு அழியுங்கள். பல போர்டுகளில் நிரம்பிவிட்டால் புதியதை எழுதாது. பிஎம்சியின் கடிகாரத்தையும் சரிபாருங்கள்.

பிஎம்சியை எக்காரணம் கொண்டும் இன்டர்நெட்டில் திறந்து வைக்காதீர்கள். ஐபிஎம்ஐ 2.0வின் லாகின் முறையிலேயே ஓட்டை இருக்கிறது. யூடிபி 623 போர்ட்டைத் தொட முடிந்த எவரும் பாஸ்வேர்டின் ஹேஷை (அதை வைத்துப் பாஸ்வேர்டை ஊகித்துப் பார்க்கக்கூடிய மறைவடிவம்) கேட்டு வாங்கிவிடலாம். அப்டேட் போட்டுத் தீர்க்கிற விஷயம் இல்லை. தனி விலான் (மற்றவற்றிலிருந்து பிரித்து வைத்த நெட்வொர்க்), நீளமான பாஸ்வேர்டு, கண்காணிப்புக்குப் படிக்க மட்டும் அனுமதியுள்ள தனி யூசர்.

சிபியு வெப்பநிலையை வைத்து அலர்ட் போடப் பலருக்கும் ஆசை. அது வேலைப்பளுவோடு ஏறி இறங்கும். பேக்கப் ஓடினால் 80, சும்மா இருந்தால் 40. அறையைப் பற்றி அது எதுவும் சொல்லாது. ஃபேன் வேகம் அதைவிடப் பயனுள்ளது. அறை வெப்பநிலையும் வேலையும் மாறாமல் ஃபேன் மட்டும் மாதாமாதம் வேகம் கூட்டிக்கொண்டே போனால், உள்ளே தூசி அடைத்திருக்கிறது.

4. டிஸ்க், மெமரி, பவர் சப்ளை

ஹார்ட் டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைக்கும் பதிவுக்கு ஸ்மார்ட் என்று பெயர். அதைப் படிக்கும் கட்டளை ஸ்மார்ட்சிடிஎல். நூறு வரி வரும், நாலு போதும்: 5, 187, 197, 198 ஆகிய எண்கள். இடம் மாற்றிய செக்டர்கள், சரிசெய்ய முடியாமல் போன பிழைகள், மாற்றக் காத்திருப்பவை, படிக்கவே முடியாதவை. பூஜ்யமாக இருந்தது நகரத் தொடங்கினால் மாற்று டிஸ்குக்கு ஆர்டர் போடுங்கள். ரெய்டு கார்டுக்கு (பல டிஸ்குகளைச் சேர்த்து நடத்தும் கார்டு) பின்னால் இருக்கும் டிஸ்குகளை நேரடியாகப் படிக்க முடியாது. கார்டின் வகையைக் கட்டளையில் சொல்ல வேண்டும். எஸ்எஸ்டியில் தேய்மான சதவீதத்தையும் மீதமுள்ள உபரி இடத்தையும் பாருங்கள். ஸ்மார்ட்டை முழுசாக நம்பிவிடவும் வேண்டாம். 2007இல் கூகுள் பொறியாளர்கள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்குகளை ஆராய்ந்து வெளியிட்ட அறிக்கையில், செத்துப்போன டிஸ்குகளில் 36 சதவீதம் வெப்பநிலை தவிர வேறு எந்த ஸ்மார்ட் எண்ணிலும் முன்னறிவிப்பே காட்டவில்லை.

ரெய்டு கார்டின் பேட்டரியை யாரும் பார்ப்பதில்லை. அது செத்தால் எதுவும் நிற்காது. எழுதுவதை வேகப்படுத்தும் கேஷ் அணைந்து டேட்டாபேஸ் திடீரென்று மந்தமாகும். நீங்கள் இரண்டு நாள் சாஃப்ட்வேர்காரர்களோடு சண்டை போடுவீர்கள்.

இசிசி மெமரியில் தானே திருத்திக்கொண்ட பிழைகளின் எண்ணிக்கை ஒரே குச்சியில் கூடிக்கொண்டே போனால் அந்தக் குச்சியை மாற்றுங்கள். இரட்டைப் பவர் சப்ளையில் ஒன்று போனால் சத்தமே வராது, பின்னால் ஒரு ஆரஞ்சு லைட் மட்டும். அதனால் அலர்ட் அவசியம்.

5. ஓரிடத்தில் சேர்ப்பது

இந்த அளவுகளையெல்லாம் சேர்த்துக் காட்டி அலர்ட் அனுப்பும் மென்பொருள்கள் உண்டு: ஜாபிக்ஸ், புரொமீதியஸும் கிராஃபனாவும், லிப்ரென்எம்எஸ். எதையும் எடுங்கள். நெட்வொர்க் சாமான்கள் அதிகம் என்றால் லிப்ரென்எம்எஸ் சீக்கிரம் எழும்பும். எல்லாவற்றையும் ஒரே திரையில் மவுஸாலேயே முடிக்க நினைப்பவருக்கு ஜாபிக்ஸ். எனக்குப் புரொமீதியஸ் பழக்கம். ஐபிஎம்ஐ, எஸ்என்எம்பி, ஸ்மார்ட் மூன்றுக்கும் தயாராக எக்ஸ்போர்ட்டர்கள் (அளவுகளை எடுத்துக் கொடுக்கும் குட்டி புரோகிராம்கள்) இருக்கின்றன. யூபிஎஸ்ஸுக்கு நட் என்ற நெட்வொர்க் யூபிஎஸ் டூல்ஸ். எதைத் தேர்ந்தெடுக்கலாம் என்று ஒரு மாதம் ஒப்பிட்டுக்கொண்டிருப்பதுதான் இங்கே செய்யக்கூடாத ஒரே காரியம்.

6. எந்த எண்ணில் யாரை எழுப்புவது

சர்வர் தனக்குள் வைத்திருக்கும் எல்லை தன் உயிரைக் காப்பாற்றிக்கொள்ள. மிக உயரத்தில் இருக்கும். உங்கள் எல்லை உங்களுக்கு நேரம் தர வேண்டும். நான் வைப்பது இப்படி: ரேக் முன்பக்கம் 27 டிகிரி பத்து நிமிடம் நீடித்தால் மெசேஜ். 30 தொட்டால் போன் அடிக்க வேண்டும். 35இல் அணைப்பது தொடங்கும். இன்றைய சர்வர்களில் பெரும்பாலானவை 35 வரை தாங்கும் வகைதான், ஆனால் அதன் விளிம்பில் நின்று யோசிக்கக் கூடாது. இவற்றோடு வேகத்துக்கும் ஒரு அலர்ட்: 15 நிமிடத்தில் 4 டிகிரிக்கு மேல் ஏறினால், அளவு 25 ஆக இருந்தாலும், உடனே போன். ஏசி நின்றதை எல்லாவற்றுக்கும் முன்னால் பிடிப்பது இதுதான். அலர்ட் அடங்குவதற்கு 25 என்று வையுங்கள். 27இலேயே அடங்கவிட்டால் எல்லையில் ஊசலாடி நூறு மெசேஜ் வரும்.

மெசேஜ் எந்த வழியில் போகிறது என்று பேப்பரில் வரைந்து பாருங்கள். கண்காணிக்கும் சர்வர், ஸ்விட்ச், ரவுட்டர், ஃபைபர் மோடம் எல்லாம் அதே ரேக்கில் இருந்தால், அறை படுக்கும்போது அலர்ட்டும் சேர்ந்து படுக்கும். இதற்கு இரண்டு மருந்து. ஒன்று, வெளியே உள்ள ஒரு சேவைக்கு ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை "உயிரோடு இருக்கிறேன்" என்று தட்டிக்கொண்டே இருப்பது. தட்டல் நின்றால் அங்கிருந்து உங்களுக்கு அழைப்பு வரும். இரண்டு, சிம் போட்ட ஜிஎஸ்எம் மோடம். அந்த சிம்முக்கு ரீசார்ஜ் தேதியைக் காலண்டரில் குறித்து வைக்க வேண்டும். இல்லையென்றால் தேவைப்படும் நாளில்தான் அது செத்துக்கிடப்பது தெரியும்.

பதினைந்து பேர் உள்ள வாட்ஸ்அப் குரூப்புக்கு அலர்ட் அனுப்பினால் பதினைந்து பேரும் மற்றவர் பார்ப்பார் என்று விட்டுவிடுவார்கள். முதல் ஆள் யார், பத்து நிமிடம் அவர் எடுக்காவிட்டால் அடுத்தவர் யார் என்று பெயர் வேண்டும். இரவில் அறைக்கு மிக அருகில் இருப்பது வாட்ச்மேன். "தம்பி, உள்ள பீப் பீப்னு சத்தம் வருதுப்பா" என்று அவர் போன் செய்தால், அடுத்து அவர் என்ன செய்ய வேண்டும் என்று கதவில் தமிழில் பெரிய எழுத்தில் ஒட்டியிருக்க வேண்டும்: இரண்டாவது ஏசியின் ரிமோட் எங்கே, கதவைத் திறந்து பெடஸ்டல் ஃபேனை எந்தப் பக்கம் திருப்பி வைப்பது, எந்த ஸ்விட்சைத் தொடவே கூடாது. ரிமோட்டை நூலில் கட்டி ஆணியில் மாட்டிவிடுங்கள்.

7. தானாக அணைப்பது

யாரும் வர முடியாத இரவுக்கு இது வேண்டும். பயமாக இருந்தால் டெஸ்ட் சர்வர்களில் தொடங்குங்கள். 35இல் டெஸ்ட், பேக்கப், தேவையற்ற விஎம்கள் (ஒரே சர்வருக்குள் ஓடும் மெய்நிகர் கம்ப்யூட்டர்கள்). 38இல் அப்ளிகேஷன், பிறகு டேட்டாபேஸ், பிறகு ஸ்டோரேஜ். நெட்வொர்க் கடைசியில். முதல் கட்டத்திலேயே பாதி லோடு இறங்கினால் வெப்பமும் பாதியாகும். மீதி சர்வர்களுக்குக் கிடைக்கும் நேரம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். பல இரவுகளில் இரண்டாம் கட்டம் தேவைப்படாமலே ஏசி திரும்ப வந்துவிடும். ஏசி வந்ததும் எல்லாவற்றையும் ஒரேயடியாக ஆன் செய்யாதீர்கள். ரேக் முன்பக்கம் 25க்குக் கீழே இறங்கட்டும்.

8. சோதித்துப் பார்ப்பது

சென்சார் முனையை உள்ளங்கையில் இறுகப் பிடியுங்கள். ஓரிரு நிமிடத்தில் 30 தாண்டும். போன் அடிக்கிறதா? இரட்டைப் பவர் சப்ளை உள்ள சர்வரில், இரண்டும் நல்ல நிலையில் இருப்பதை உறுதி செய்துகொண்டு, ஒரு கேபிளை உருவுங்கள். மெயில் வருகிறதா?

பிறகு பெரிய சோதனை. லீவு நாள் ஒன்றில் பேக்கப் முடித்து, மேலதிகாரியிடம் எழுத்தில் அனுமதி வாங்கி, உடன் ஒருவரை வைத்துக்கொண்டு, இரண்டு ஏசியையும் அணையுங்கள். ரேக் முன்பக்கம் உள்ள வெப்பநிலையை நிமிடத்துக்கு ஒருமுறை குறியுங்கள். 32 வந்ததும் ஏசியைப் போட்டுவிடுங்கள். அந்த நிமிடக் கணக்குதான் உங்கள் அறையின் உண்மையான அவகாசம். நீங்கள் வீட்டிலிருந்து வந்து சேர 40 நிமிடம், அறைக்கு 18 நிமிடம் என்றால், நேரில் வந்து காப்பாற்றும் திட்டத்தைக் கைவிட்டுவிட்டு ஷட்டவுன் எல்லைகளை அதற்கேற்ப இறக்க வேண்டியதுதான்.

அதே நாளில் மெயின் சப்ளையையும் ஒருமுறை நிறுத்திப் போடுங்கள். ஸ்டெபிலைசர் கம்ப்ரஸருக்கு வைக்கும் சில நிமிடத் தாமதத்துக்குப் பிறகு இரண்டு ஏசியும் யாரும் தொடாமல் தானாக ஓடத் தொடங்கினால் நல்லது. ரிமோட்டை அழுத்தினால்தான் ஓடும் மாடல் என்றால், கரண்ட் போய் வந்த ஒவ்வொரு முறையும் அந்த அறையில் ஏசி இல்லை என்று பொருள். ஆட்டோ ரீஸ்டார்ட் உள்ளதாக மாற்றக் கொட்டேஷன் வாங்குங்கள். ஏடிஎம் அறைகளில் இருப்பதுபோல் இரண்டு ஏசியையும் முறை மாற்றி ஓட்டும் டைமர் ஒன்றையும் அந்தக் கொட்டேஷனிலேயே சேர்க்கச் சொல்லலாம். யூபிஎஸ் பேட்டரிகள் இதே அறையில் இருந்தால் அவற்றின் பக்கமும் ஒரு சென்சார் போகட்டும். 25 டிகிரிக்கு மேல் தொடர்ந்து 10 டிகிரி கூடுதலாக இருந்தால் சீல்டு லெட் ஆசிட் பேட்டரியின் ஆயுள் சுமார் பாதியாகிவிடும். அடுத்த வருட பட்ஜெட்டில் புது பேட்டரி செட் கேட்கும்போது அந்த வரைபடத்தைப் பிரின்ட் எடுத்துக்கொண்டு போங்கள்.